துடுப்பும் ஒரு கல்வியே!

திருவண்ணாமலையிலே கடல் உண்டா? இல்லை. கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் சென்று புதுவைக் கரையிலே நின்றால்தான் அலையைக் காணலாம். அப்படியிருக்க, மலையடிவாரத்திலே வாழ்வோருக்குப் படகுத் தொழிலைப் பற்றி என்ன பேச்சு? நெசவாளிக்கு நங்கூரம் எதற்கு? ஆட்டோ ஓட்டும் தோழருக்குத் துடுப்பு எதற்கு? கல்லுடைப்பவருக்குக் காற்றின் போக்கு எதற்கு? இப்படிக் கேட்போர் இருக்கக்கூடும். கேட்டுவிட்டுச் சிரிப்போரும் இருக்கக்கூடும்.

சிரிக்கட்டும். சிரித்து முடித்த பின்னர், 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் இரண்டு நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்!

நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. கடற்கரையோடு நின்றதா அந்தப் புயல்? இல்லை, உள்ளே வந்தது. மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் மலை சரிந்தது. கப்பலோட்டிய தமிழரின் பெயரைச் சூடிய வ.உ.சி. நகரிலே வீட்டை மண் மூடிற்று. குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். டிசம்பர் 2-ஆம் நாள் விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து வெளியேறிய நீரின் அளவு நொடிக்கு 1,68,000 கனஅடி! அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே, திறந்து மூன்றே மாதமான பாலத்தைத் தென்பெண்ணை அடித்துக்கொண்டு போயிற்று. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என நான்கு மாவட்டங்களிலும் ஆற்றங்கரை ஊர்கள் அல்லலுற்றன.

கடலைத் தேடி நாம் போகவில்லை, தோழர்களே! தண்ணீர் நம்மைத் தேடி வந்தது!

பாலம் போனபின் எது ஓடும்? சாலை மூழ்கியபின் எது நகரும்? பேருந்து நகராது. லாரி நகராது. அமைச்சரின் காரும் நகராது, ஆட்சியரின் ஜீப்பும் நகராது. படகுதான் நகரும், பரிசல்தான் நகரும். ஆனால் படகு தானாக நகருமா? அதைச் செலுத்த ஒரு கை வேண்டும். அந்தக் கைக்குப் பின்னால் ஒரு கல்வி வேண்டும். அந்தக் கல்வியை இந்த நாடு கல்வி என்று ஒப்புக்கொண்டிருக்கிறதா? அறிந்தவரிடமிருந்து அறியாதவருக்கு அதைக் கொண்டு சேர்க்க வழி செய்திருக்கிறதா? இதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

சாத்தனூரையே எடுத்துக்கொள்வோம். தென்பெண்ணையின் குறுக்கே 1958-ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பட்ட அணை. முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி. அந்த நீர்த்தேக்கத்திலே மீன் பிடிப்போருக்குப் பரிசல்தான் கலம், பரிசல்தான் வாழ்வு. மூங்கிற் பிளாச்சால் பின்னிய வட்டக் கூடை அது. முன்னாளிலே தோல் போர்த்தினார்கள். பின்னாளிலே தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வந்தன. இப்போது ஃபைபரும் வந்துவிட்டது. சுக்கான் கிடையாது. முன்புறம் இது, பின்புறம் இது என்ற பிரிவுகூடக் கிடையாது. தெரியாதவன் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். தெரிந்தவரோ துடுப்பைத் தமக்கு முன்னே இட்டு, நீரைத் தம் பக்கம் இழுத்து, நூல் பிடித்தாற்போல் நேராகப் போவார். "நடுவுல கால வைங்க! ஒக்காந்துட்டு அப்புறம் பேசுங்க!" என்று ஏறுவோரைப் பார்த்து அவர் அதட்டுவார். அது அதட்டல் அல்ல, தோழர்களே, அது பௌதிகம்! எடை நடுவிலே, தாழ்விலே இருந்தால் கலம் நிற்கும். ஓரத்திலே, உயரத்திலே ஏறினால் கவிழும். அவர் அதைக் கரும்பலகையிலே எழுதிக் காட்டமாட்டார். ஆனால் நித்தம் நித்தம் உயிரோடு கரை சேர்ந்து காட்டுகிறார்.

நம் ஊருக்குள்ளேயே வருவோம். கார்த்திகைத் தீபம் முடிந்ததும் ஐயங்குளத்திலே தெப்பல் விழா நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் கரையிலே நின்று பார்க்கிறார்கள். தெப்பத்தின் மேலே இருப்பதைப் பற்றி நமக்கு இங்கே பேச்சில்லை. தெப்பத்தின் கீழே இருப்பதைப் பற்றித்தான் பேச்சு. எது அதை மிதக்க வைக்கிறது? காற்றடைத்த கலன்களும், மரமும், பலகையும், இவற்றை ஒன்றாய்ப் பிணைக்கும் கட்டும்! கட்டு தளர்ந்தால் விளக்கும் மூழ்கும், மேளமும் மூழ்கும். கட்டியவர் யார்? அவர் பெயர் எந்த அழைப்பிதழிலே அச்சாகிறது?

'கட்டுமரம்' என்று தமிழன் ஒரு கலத்துக்குப் பெயர் வைத்தான். ஆங்கிலேயன் அந்தச் சொல்லைத் தன் மொழிக்குள்ளே கொண்டுபோய், இன்று இரட்டை உடல் கொண்ட பெரிய கப்பலுக்கும் அதையே பெயராக வைத்துக்கொண்டான். அந்தச் சொல்லைப் பாருங்கள்! மரம் பின்னாலே வருகிறது. கட்டு முன்னாலே வருகிறது. மரம் காட்டிலே கிடைக்கும். கட்டு எங்கே கிடைக்கும்? உழைப்பவன் விரலிலேதான் கிடைக்கும்!

சரி, என்னதான் அந்தக் கல்வி? சுருக்கமாகச் சொல்வோம். கேட்டுப் பயன்கொள்ளத்தக்கது என்பதால் சொல்வோம்.

முதலாவது, முடிச்சு. நல்ல முடிச்சுக்கு இலக்கணம் இரண்டு: இழுக்கும்போது நழுவக் கூடாது, வேண்டும்போது அவிழ மறுக்கக் கூடாது. நீரிலே தத்தளிப்பவனைத் தூக்கச் சுருக்குக் கயிற்றை வீசினால், இழுக்க இழுக்க அது அவன் உடலை நெரிக்கும். இறுகாத கண்ணியைப் போட்டு, அக்குளுக்குக் கீழே மாட்டித் தூக்கினால் பிழைப்பான். ஒரே கயிறு, ஒரே கை. முடிச்சு மாறினால் மீட்பு கொலையாக மாறும்! இன்னொரு செய்தி கேளுங்கள். ஆரணி நெசவாளி இழை அறுந்தால் விரல் நுனியிலே போடுகிறாரே ஒரு முடிச்சு, அதே முடிச்சின் வடிவந்தான் மீனவர் பின்னும் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் இருக்கிறது. பருத்த கயிற்றோடு மெல்லிய கயிற்றை இணைக்கக் கடலோடி போடுவதும் அதே வடிவந்தான். தறிக்குழிக்கும் நடுக்கடலுக்கும் இடையே ஒரு முடிச்சு போட்டிருக்கிறது பாட்டாளி வர்க்கம். இடையிலே இருப்போருக்குத்தான் அது தெரிவதில்லை!

இரண்டாவது, நங்கூரம். ஆழம் பத்து முழம் என்றால் பத்து முழக் கயிறு போதும் என்று கணக்குப் போடுவான் அறியாதவன். போதாது! அமைதியான நீரிலேயே ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும். காற்றடித்தால் ஏழு மடங்கு, அதற்கு மேலும். ஏன்? கயிறு சாய்வாகக் கிடந்து இழுத்தால் நங்கூரம் தரையைக் கவ்வும். செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். கட்டுவதும் அணியத்திலே, அதாவது படகின் முன்புறத்திலே கட்ட வேண்டும். பின்புறம் கட்டினால் அலை உள்ளே ஏறிவிடும்.

மூன்றாவது, அலைக்கும் ஓட்டத்துக்கும் முகம் காட்டுவது. அலைக்கு விலா காட்டிய படகு உருளும். முகம் காட்டிய படகு ஏறி இறங்கும். வெள்ள ஆற்றைக் கடப்போன் எதிர்க்கரைக்கு நேராகப் போக நினைத்தால், ஆறு அவனைத் தான் நினைத்த இடத்திலே கொண்டுபோய்த் தள்ளும். சேர வேண்டிய துறைக்கு மேலேயே புறப்பட்டு, முகத்தை ஓட்டத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, ஓட்டத்தைக் கொண்டே கடப்பார் கைதேர்ந்தவர். எதிரியின் வலிமையைத் தனக்குத் துணையாக்கிக்கொள்ளும் வித்தை அது!

நான்காவது, மனிதன் தவறி விழுந்தால் செய்ய வேண்டியது. உடனே கூவ வேண்டும். ஒருவர் கண்ணை எடுக்காமல் விழுந்தவனையே கைநீட்டிக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நொடி கண் பிசகினால் அலை மறைத்துவிடும். உணர்ச்சிவசப்பட்டு எல்லோரும் குதிக்கக் கூடாது. கயிறு வீச வேண்டும், கழி நீட்ட வேண்டும். நெருங்கியதும் எஞ்சினை நிறுத்த வேண்டும். சிறு படகாயின் எல்லோரும் ஒரே பக்கம் குவிந்து இழுக்கக் கூடாது. கவிழ்ந்துவிட்டாலோ, கரை அருகில்தான் என்று நீந்தத் தொடங்காமல் கவிழ்ந்த கலத்தையே பற்றிக்கொண்டு கிடக்க வேண்டும். மனிதத் தலையைவிட மிதக்கும் படகு மீட்போர் கண்ணுக்கு முன்னே படும்.

ஐந்தாவது, வானம். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, மேகம் கருக்கும் திசையையும் நீர் நிறம் மாறுவதையும் பார்த்து, "இன்று போக வேண்டாம்" என்று சொல்லத் துணிவது. இந்தத் துணிவுதான் எல்லாவற்றிலும் பெரிய கல்வி. ஆனால் ஒருநாள் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையிலே உள்ளவனுக்கு இந்தத் துணிவு எப்படி வரும்? 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே ஒக்கிப் புயல் வந்தபோது, குமரி மாவட்ட மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலிலே இருந்தனர். கரையிலே கொடுத்த எச்சரிக்கை கடலிலே இருந்தவர் காதுக்கு எட்டவில்லை. திறமை இல்லாததால் மாண்டவர் அல்லர் அவர்கள். செய்தி எட்டாததால் மாண்டவர்கள்!

இந்தக் கல்வியை அலட்சியம் செய்ததால் வந்த கேடு என்ன? தேக்கடியிலே 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். பழவேற்காட்டிலே 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று உல்லாசப் பயணம் போன 22 பேர் மாண்டனர். மலப்புரம் மாவட்டம் தானூரிலே 2023-ஆம் ஆண்டு மே 7 அன்று, ஏற்றக்கூடாத அளவுக்கு ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். எங்கே போயிற்று சாத்தனூர்ப் பரிசற்காரரின் அந்த அதட்டல்? "இனி ஒருவரும் ஏறக் கூடாது" என்று சொல்லும் உரிமை படகோட்டும் தொழிலாளிக்கு இருந்தால் எத்தனையோ உயிர்கள் தப்பும். கூலிக்கு நிற்பவன் அதைச் சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா? வருமானத்தை எண்ணுவது முதலாளி. உயிரை எண்ண வேண்டியது தொழிலாளி. அந்த எண்ணிக்கையிலே முதலாளியின் சொல்லே வெல்கிறது!

இதே கல்வி எத்தனை உயிரைக் காத்தது என்பதையும் பாருங்கள். 2015-ஆம் ஆண்டு டிசம்பரிலே சென்னை மூழ்கியபோது, மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குள்ளே செலுத்தினார்கள். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டிலே கேரளம் மூழ்கியபோது, கடற்கரையிலிருந்து லாரிகளிலே படகுகளை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். பல்லாயிரம் பேரை மீட்டார்கள். மாடியிலே நின்று கை நீட்டியவர்கள், "நீ எந்தச் சாதி? எந்தக் கல்லூரிப் பட்டம் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டா படகிலே ஏறினார்கள்? நீர் கழுத்துக்கு வந்தால்தான் உழைப்பாளியின் அருமை தெரிய வேண்டுமா?

நம்முடைய பெருமையெல்லாம் பழம்பெருமையாகவே நின்றுவிடக் கூடாது. இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவிலே கடாரம் வரை கலம் செலுத்தினான் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அவன் வென்ற ஊர்களைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. பாய் விரித்தவன் பெயரைச் சொல்கிறதா? சுக்கான் பிடித்தவன் பெயரைச் சொல்கிறதா? வ.உ.சி. 1906-இலே சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைக் கொண்டுவந்து வெள்ளையனின் வணிகத்தைக் கலக்கினார். அவரைச் சிறையிலே தள்ளினான் வெள்ளையன். அந்தக் கப்பல்களிலே உழைத்த மாலுமிகளை எத்தனை பேர் நினைக்கிறோம்? நினைவுச் சின்னம் கேட்கவில்லை அவர்கள். அவர்தம் தொழிலறிவுக்கு இடம் கேட்பதே நாம் செய்யத்தக்க மரியாதை.

இங்கே ஒரு புத்திசாலி குறுக்கிடுவார். "குலத்தொழிலை எதிர்த்தவர்கள்தானே நீங்கள்? இப்போது பரிசல் தள்ளுவதைப் புகழ்கிறீர்களே?" என்பார். நல்ல கேள்வி. பதில் சொல்வோம்.

1953-ஆம் ஆண்டிலே இராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம்; மிச்ச நேரம் அப்பன் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. நாடு கொதித்தது. 1954-இலே காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. நாடு எதிர்த்தது தொழிலையா? இல்லை! பிறப்பைக் காட்டிப் பூட்டிய கதவை எதிர்த்தது. மீனவர் மகன் மீன்தான் பிடிக்க வேண்டும் என்பதும் தவறு. மற்றவர் மகன் துடுப்பைத் தொடக் கூடாது என்பதும் தவறு. மீனவர் மகள் கப்பல் பொறியாளராகட்டும்! வழக்கறிஞர் மகன் நங்கூரம் போடக் கற்கட்டும்! நீச்சல் இரத்தத்திலே வருவதன்று, பழக்கத்திலே வருவது. முடிச்சுக்குக் கோத்திரம் கிடையாது. குலத்தொழில் என்பது கதவை அடைப்பது. நாம் கேட்பது கதவைத் திறப்பது. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர் தெரியாதவர் அல்லர், தெரிந்தும் மறைப்பவர்.

சட்டத்துக்கும் குறைவில்லை. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி, உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-ஆம் ஆண்டிலே வந்தது. பதிவு, தகுதிச் சோதனை, பணியாளருக்குச் சான்றிதழ் எல்லாம் அதிலே உண்டு. இயந்திரம் இல்லாத கலங்களுக்கும் ஒரு பகுதி உண்டு. அந்தப் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. மீன்பிடிக் கப்பல்களுக்கு ஆள் பயிற்றக் கொச்சியிலே 1963-இலேயே மத்திய அரசின் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. சென்னையிலும் அதன் கிளை உண்டு. பெரிய கப்பலுக்குப் பயிற்சி உண்டு, பட்டம் உண்டு. சிறு கலத்துக்கு? பரிசலுக்கு? ஏரிப் படகுக்கு? அங்கேதான் ஏட்டுக்கும் நாட்டுக்கும் இடையே வெள்ளம் ஓடுகிறது!

எனவே நாம் கேட்கிறோம்:

சாத்தனூர் நீர்த்தேக்கத்திலே ஆண்டுதோறும் மழைக்கு முன்னே சிறுகலப் பயிற்சி நடத்துக. தென்பெண்ணைக் கரை ஊர் ஒவ்வொன்றிலிருந்தும் இளைஞர்களையும் பெண்களையும் அதிலே சேர்த்திடுக.

அங்கே ஆசிரியர் யார்? பரிசற்காரரும் மீனவருமே ஆசிரியர். தீயணைப்பு மீட்புத் துறையினர் பக்கத்திலே நிற்கட்டும். கற்பிப்பவருக்குச் சால்வை வேண்டாம். நாட்கூலி குறையாத ஊதியம் கொடுங்கள்!

சான்றிதழுக்குத் தேர்வு தாளிலே அல்ல, தண்ணீரிலே நடக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று ஒருவரையும் தள்ளாதீர்கள். கயிறு கட்டட்டும், ஓட்டத்தைக் கடக்கட்டும், விழுந்தவரை மீட்கட்டும். செய்தால் சான்று கொடுங்கள்.

ஆள் ஒன்றுக்கு லைஃப் ஜாக்கெட் ஒன்று. ஏறுமுன் அணிந்தாக வேண்டும். மூலையிலே குவித்து வைப்பது கணக்கிலே சேராது. 'இதற்கு மேல் ஏற்றமாட்டேன்' என்று சொல்லும் படகுத் தொழிலாளிக்கு, அதற்காக வேலை போகாது என்ற பாதுகாப்பைச் சட்டமாகவே தாருங்கள்.

அரசு செய்யும் வரை நாம் கைகட்டி இருப்பதா? கூடாது, தோழர்களே! நம் கிளை மன்றம் ஒவ்வொன்றிலும் கயிறு ஒன்று தொங்கட்டும். செய்தித்தாள் படித்து முடிந்ததும் இறுகாத கண்ணி ஒன்றைப் போட்டுப் பழகுங்கள். போடத் தெரியாவிட்டால் ஆரணி நெசவாளத் தோழரைக் கேளுங்கள். லாரியிலே பாரம் கட்டும் தோழரைக் கேளுங்கள். சாத்தனூர்ப் பரிசற்காரரை மன்றத்துக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் இதுவரை கூட்டங்களிலே தரையிலே உட்கார்ந்து நம் பேச்சைக் கேட்டவர். இனி அவர் பேசட்டும், நாம் கேட்போம்!

மழை மீண்டும் வரும். அணை மீண்டும் நிரம்பும். ஆற்றுக்கு நாளும் தெரியாது, கட்சியும் தெரியாது. அன்று கரையிலே நின்று கை பிசைவோர் கூட்டமாக நாம் இருக்கப் போகிறோமா? கயிற்றை வீசத் தெரிந்தவர் கூட்டமாக இருக்கப் போகிறோமா? முடிவு செய்ய வேண்டியது வெள்ளம் வந்த பிறகல்ல, இப்போது!